இரண்டு பத்தி நோட்டு: கொரியச் சரித்திரத் தொடர்களோடு பதினாறு மாதம்

போன வருஷம் மார்ச்சில் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆறு வாரம் வீட்டை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பொழுது போக வேண்டுமே என்று ‘தே ஜாங் கும்’ போட்டேன். 2003 செப்டம்பரில் தென் கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி அடுத்த மார்ச் வரை ஓடிய தொடர், 54 பகுதி. ஆங்கில சப்டைட்டிலை நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா காலை நீட்டிக்கொண்டு பார்த்தார்.

அரண்மனைச் சமையலறையில் சிறுமிகளுக்குப் பாடம் நடக்கும் ஒரு காட்சி. இறைச்சியில் இனிப்புக்கு என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்கிறார் ஆசிரியை. கனிந்த பெர்சிமன் பழம் என்கிறாள் ஜாங் கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் குழந்தை விழிக்கிறாள். பழத்தின் ருசி இருந்தது, அதனால் பழம் என்றேன், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்கிற முகம். அம்மா சிரித்துவிட்டுக் கேட்டார்: “இந்தப் பொண்ணு நிஜமாவே இருந்தாளா, இல்ல கதையா?”

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். இடது பத்தியில் தொடர் சொன்னது. வலது பத்தியில் ஆவணம் சொல்வது. தேடிப் பார்த்து உறுதியாகும் வரை வலது பத்தி காலியாகவே இருக்க வேண்டும் என்று ஒரு விதி. முதல் மாதம் அந்த விதியை நானே மீறினேன். ரசிகர்கள் எழுதிய கதைச்சுருக்கங்களைப் பார்த்து வலது பத்தியை நிரப்பினேன். அவர்களில் பலர் தொடரையே சரித்திரமாக எடுத்து எழுதியிருந்தார்கள். பத்துப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

அம்மாவின் கேள்விக்கு விடை: இருந்தாள். ஜுங்ஜோங் மன்னர் ஆண்ட 1506 முதல் 1544 வரையிலான அரசவைக் குறிப்புகளில் அவள் பெயர் சுமார் பத்து இடத்தில் வருகிறது. 1515-இல் அரசி பிரசவத்துக்குப் பின் இறந்தபோது, பார்த்துக்கொண்ட ஜாங் கும்மைத் தண்டிக்கச் சொல்கிறார்கள், மன்னர் மறுக்கிறார். 1524-இல் மற்றவர்களைவிட இவள் திறமைசாலி என்று ஒரு வரி. 1544-இல், மன்னரின் கடைசி நாட்களில், அவர் வாயாலேயே “என் உபாதை மருத்துவப் பெண்ணுக்குத் தெரியும்” என்று வருகிறது. அதே நாட்களின் குறிப்பில் ஜாங் கும் பெயரும் இருக்கிறது.

சமையல் எங்கே? எங்கேயும் இல்லை. அரண்மனையில் பெரிய சமையலைச் செய்தவர்கள் பெரும்பாலும் சுக்சு எனப்பட்ட ஆண் சமையல்காரர்கள். மருத்துவப் பெண்கள் 1406-இல் தொடங்கிய ஏற்பாடு. ஆண் வைத்தியர் தொடுவதற்குப் பெண்கள் கூச்சப்பட்டு வைத்தியம் இல்லாமலே இறந்துபோனதால், அரசாங்க அடிமைக் குடும்பத்துச் சிறுமிகளைத் தேர்ந்தெடுத்து நாடி பார்க்கவும் ஊசி வைத்தியமும் கற்றுக்கொடுத்தார்கள். அப்படி அடிமட்டத்தில் இருந்த ஒருத்தியின் பெயர் மன்னர்களின் குறிப்பேட்டில் நிலைத்திருப்பதே எனக்குத் தொடரைவிடப் பெரிய கதையாகப் பட்டது.

ஐந்தாம் மாதம்: எழுத்தர்கள்

அடுத்துப் பார்த்தது 2019-இல் வந்த ‘ரூக்கி ஹிஸ்டோரியன் கூ ஹே-ரியோங்’. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசவையில் நடப்பதை எழுதும் எழுத்தர் வேலைக்கு ஒரு பெண் சேர்வதாகக் கதை. இடது பத்தியில் “பெண் எழுத்தர்” என்று எழுதி வைத்தேன். வலது பத்தியில் இப்போது இருப்பது: 1519-இல் பெண் எழுத்தர்களை நியமிக்கலாமே என்று ஜுங்ஜோங் மன்னரிடம் யோசனை சொன்னார்கள். அது நடக்கவில்லை. நடக்காமல் போன அந்த யோசனை நடந்திருந்தால் என்ற இடத்திலிருந்து தொடர் கிளம்புகிறது. அதற்காகவே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

இந்தத் தொடர்தான் என்னைச் சில்லொக்குக்குள் இழுத்துப் போட்டது. கொரியாவை ஆண்ட ஜோசொன் வம்சத்தின் ஆண்டுக் குறிப்புகளுக்கு அதுதான் பெயர். 1392-இல் வம்சத்தை நிறுவிய தேஜோ முதல் 1863 வரை ஆண்ட சொல்ஜோங் வரைக்கும் 25 மன்னர்கள், 472 ஆண்டுகள், 1,893 பாகங்கள், 888 ஏடுகள். 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தது. மூலம் செவ்வியல் சீனத்தில் இருக்கிறது. முழுவதையும் இன்றைய கொரிய மொழியில் பெயர்த்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள்.

மன்னர் எங்கே போனாலும் எழுத்தர் கூடவே போய் எழுதுவார். எழுதியதை மன்னர் பார்க்கக் கூடாது. மன்னர் இறந்த பிறகுதான் எல்லா நகலையும் சேர்த்துத் தொகுப்பார்கள். தொகுத்து முடித்ததும் மூல நகல்களைத் தலைநகர் சியோலின் செகோம்ஜோங் ஓடைக்கு எடுத்துப் போய், மை கரைந்து போகும்வரை தண்ணீரில் அலசி, அந்தத் தாளைத் திரும்பவும் தாளாக்குவார்கள். யார் என்ன எழுதினார் என்று தேடிப் பழிவாங்க வழி இருக்காது. கொரிய எழுத்தான ஹங்குலைத் தந்த மன்னர் சேஜோங்கே தன் அப்பாவைப் பற்றிய ஏட்டைப் பார்க்க ஆசைப்பட்டபோது, நீங்கள் பார்த்தால் பின்னால் வருகிறவர்களும் பார்ப்பார்கள், எழுத்தர்கள் பயந்து எழுதுவார்கள் என்று அமைச்சர்கள் தடுத்துவிட்டார்கள். அவரும் விட்டுவிட்டார்.

அந்த அப்பாதான் தேஜோங். 1404-ஆம் வருஷக் குறிப்பு ஒன்றைத்தான் நான் கொரிய மொழியில் முதன்முதலாக எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்தேன். மன்னர் வில்லோடு குதிரையில் மானைத் துரத்துகிறார். குதிரை இடறி, மன்னர் கீழே விழுகிறார். காயமில்லை. எழுந்ததும் இடமும் வலமும் பார்த்து ஒன்று சொல்கிறார். மொழிபெயர்ப்பில் அந்த வாக்கியம் “சாக்வானி அல்கே ஹாஜி மல்லா”. சாக்வானி என்றால் எழுத்தர், அல்கே என்றால் அறியும்படி, ஹாஜி மல்லா என்றால் செய்யாதே. எழுத்தர் அறியும்படி செய்யாதே. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றாமல் அப்படியே தமிழாகிறது. இரவு பதினொரு மணிக்கு அம்மாவை எழுப்பிப் படித்துக் காட்டினேன். அறியக் கூடாது என்று சொன்னதையும் சேர்த்தே அந்த எழுத்தர் எழுதி வைத்துவிட்டார். 620 வருஷம் கழித்து நான் அதைப் படிக்கிறேன்.

இந்த ஏடுகள் நமக்குக் கிடைத்ததும் ஒரு அதிர்ஷ்டம். நான்கு ஊர்களில் நான்கு பிரதி வைத்திருந்தார்கள். 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பில் மூன்று எரிந்து போயின. ஜொன்ஜு நகரத்துப் பிரதியை ஆன் உய், சோன் ஹோங்-ரோக் என்ற இரண்டு அறிஞர்கள் நேஜாங் மலைக்குச் சுமந்து போய் ஒளித்து, காவல் இருந்து காப்பாற்றினார்கள். அவர்களைப் பற்றி யாராவது ஒரு தொடர் எடுக்க வேண்டும்.

எட்டாம் மாதம்: அரிவாளும் எழுத்தும்

அம்மா ஓய்வு பெற்ற தமிழாசிரியை. நான் ஹங்குல் எழுத்துகளை அட்டையில் எழுதி மனப்பாடம் செய்வதைப் பார்த்துவிட்டு, “உருவத்துக்குக் காரணம் இருக்கும், அதைப் பிடி” என்றார். தேடினேன், இருந்தது. சேஜோங் 1443-இல் எழுத்தை உருவாக்கி, 1446-இல் வெளியிட்டபோது, கூடவே ஒரு விளக்க நூலும் வந்தது. நெடுநாள் காணாமல் இருந்து 1940-இல் ஆன்டோங் பகுதியில் கிடைத்தது. ககர ஒலிக்கான எழுத்து, நாக்கின் அடி எழும்பித் தொண்டையை அடைப்பதன் படம். நகர எழுத்து, நாக்கு மேலண்ணத்தைத் தொடுவதன் படம். மகரத்துக்கு ஒரு சதுரம், அது வாய். வெறும் வட்டம் தொண்டை. உயிர் எழுத்துகளுக்கு வானத்துக்கு ஒரு புள்ளி, மண்ணுக்குப் படுத்த கோடு, மனிதருக்கு நின்ற கோடு.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே “இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்” என்று தொல்காப்பியப் பிறப்பியலைச் சொன்னார். பிறகு “க... ந... ம...” என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நாக்கு எங்கே போகிறது என்று கவனித்து, அட்டையில் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டார். நம் இலக்கணம் வார்த்தையில் சொன்னதை அவர்கள் எழுத்தின் வடிவத்திலேயே வரைந்திருக்கிறார்கள். இருபது நிமிஷத்தில் பத்து எழுத்து அவருக்கு வந்துவிட்டது. எனக்கு அதற்கு மூன்று வாரம் பிடித்திருந்தது. ககர எழுத்தின் பெயர் கியோக், பார்க்க அரிவாள் மாதிரியே இருக்கும். அரிவாளை எதிரில் வைத்துக்கொண்டு கியோக் தெரியாதவன் என்று எழுத்தறியாதவரைக் கொரியர்கள் சொல்வார்கள்.

2011-இல் வந்த ‘ட்ரீ வித் டீப் ரூட்ஸ்’ இந்த எழுத்தின் கதைதான். அறிஞர்கள் ஒவ்வொருவராகக் கொலையாவது கற்பனை. எதிர்ப்பு நிஜம். 1444-இல் சோ மான்-ரி முதலானோர் சீன எழுத்தை விட்டுத் தனி எழுத்து வைத்துக்கொள்வது காட்டுமிராண்டி வழக்கம் என்று மனுக் கொடுத்தார்கள். சேஜோங் அவர்களைச் சிறையில் போட்டு மறுநாளே விடுவித்தார்.

அம்மா, அப்பா, வாக்கிய அமைப்பு என்று ஒற்றுமை கண்ணில் படும்போதெல்லாம் தமிழும் கொரிய மொழியும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிடத் தோன்றும். 1905-இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. நானும் நோட்டில் அதை இடது பத்தியில்தான் வைத்திருக்கிறேன்.

பத்தாம் மாதம்: சிவப்பு இல்லாத கிம்ச்சி

ஜாங் கும் காலத்தில், கொரியர்களின் காய்கறி ஊறுகாயான கிம்ச்சி சிவப்பாக இருந்திருக்க முடியாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொரியாவில் அதைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பே 1614-இல்தான் கிடைக்கிறது. நம் ஊருக்கும் அது கப்பலில் வந்ததுதானே, மிளகைப் போலக் காரமான காய் என்று பேர் வைத்தோம். இன்று நாம் பார்க்கும் உருண்டு திரண்ட கோஸ் கிம்ச்சியும் அங்கே பின்னால் வந்ததுதான். அதனால் முள்ளங்கியில் தொங்ச்சிமி என்கிற நீர்க் கிம்ச்சி போட்டேன். வெள்ளை முள்ளங்கியை விரல் நீளத்துக்கு நறுக்கி உப்பில் பிசறி ஒரு ராத்திரி. மறுநாள் உப்புத் தண்ணீர், இஞ்சி, பூண்டு, ஒரு பேரிக்காய். முதல் தடவை இரண்டு நாள் வெளியில் வைத்துவிட்டேன், சென்னை வெயிலில் முள்ளங்கி கொழகொழத்துவிட்டது. இரண்டாம் தடவை பதினெட்டு மணி நேரத்தில் தண்ணீரில் சின்னக் குமிழ்கள் வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஐந்தாம் நாள் அந்தத் தண்ணீரைக் குடித்த அம்மா, “நீராகாரத்துல இஞ்சி தட்டிப் போட்ட மாதிரி இருக்கு” என்று இன்னொரு டம்ளர் கேட்டார்.

இப்போது

காது கொஞ்சம் பழகியிருக்கிறது. ஜோசொன் மன்னரை “ஜொன்ஹா” என்றுதான் அழைப்பார்கள். 2018-இல் வந்த ‘மிஸ்டர் சன்ஷைன்’ பார்க்கும்போது எல்லோரும் “ப்யெஹா” என்றார்கள். தேடினால், 1897-இல் கோஜோங் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார், அன்றிலிருந்து அழைப்பும் மாறியது. பெண்களின் மேல்சட்டை இடுப்பு வரை நீளமாக இருந்தால் வம்சத்தின் முற்பகுதி, மார்போடு நின்றால் பிற்பகுதி. மன்னர் உடையின் நாகத்துக்கு ஐந்து நகம், பட்டத்து இளவரசருக்கு நான்கு. இதெல்லாம் கண் பழகினால் தானாகவே வருகிறது.

மனசை விட்டுப் போகாமல் இருப்பது 2021-இல் வந்த ‘தி ரெட் ஸ்லீவ்’. ஜோங்ஜோ மன்னர், அவர் விரும்பிய அரண்மனைப் பணிப்பெண் சோங் தோக்-இம். மன்னர் கேட்டும் அவள் மறுப்பது தொடருக்காகச் செய்த கற்பனை என்றே நினைத்தேன். 1786-இல் அவள் இறந்தபின் மன்னர் தன் கையால் எழுதிய கல்லறைக் குறிப்பில் அது இருக்கிறது. அரசிக்கு இன்னும் குழந்தை இல்லை என்று அழுது, உயிரை வைத்துச் சத்தியம் செய்து மறுத்தாள். பதினைந்து வருஷம் கழித்துக் கேட்டபோதும் மறுத்தாள். அவளுடைய பணியாளைத் தண்டித்த பிறகே சம்மதித்தாள். காதல் என்று நான் பார்த்து அழுத கதையில் அந்தக் கடைசி வரியை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வலது பத்தியில் எழுதி, சிவப்பு மையில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

அதே ஜோங்ஜோவின் அப்பா சாதோ இளவரசர் 1762-இல் அரிசிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டு எட்டு நாளில் இறந்தார். அடைத்தவர் சாதோவின் அப்பாவும் ஜோங்ஜோவின் தாத்தாவுமான மன்னர் யோங்ஜோ. 1776-இல் பேரன் தாத்தாவிடம் மன்றாடி, அரசுச் செயலகத்தின் நாட்குறிப்பில் அப்பா தொடர்பான பகுதிகளைத் தண்ணீரில் கழுவ அனுமதி வாங்கினார். கழுவினார்கள். ஆனால் சாதோவின் மனைவி ஹ்யேக்யோங் அறுபது வயதில் உட்கார்ந்து தன் நினைவுகளை எழுதத் தொடங்கிவிட்டார். அந்தப் பெட்டி அதில் இருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் கதையை 77 பகுதியாக எடுத்த ‘யி சான்’ இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, 31-ஆம் பகுதியில் இருக்கிறோம். அம்மா மாடிப்படி ஏறி இறங்குகிறார். நோட்டு மூன்றாவதாகிவிட்டது. அதன் அட்டையில் அம்மா தன் கையால் ஹங்குலில் ஜாங் கும் என்று எழுதி, ககர எழுத்தின் பக்கத்தில் ஒரு சின்ன அரிவாளும் வரைந்திருக்கிறார்.