வாளிக் கணக்கு: பிள்ளைகளுக்கான தண்ணீர்ப் பாட நாட்குறிப்பு

மே 5, திங்கள்

"தண்ணியை வீணாக்காதே" என்று எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகள் காதில் ஏறாது. எவ்வளவு வீணாகிறது என்பதே தெரியாதபோது எப்படி ஏறும்? அதனால் முதல் வேலை, அளவு வாளி தயார் செய்வது. 10 லிட்டர் வாளி, 1 லிட்டர் பாட்டில், நனைந்தாலும் அழியாத பேனா போதும். ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, நீர் ஆடி அடங்கியதும் கோடு போட வேண்டும். வாளி மேலே போகப் போக அகலமாவதால் கோடுகள் நெருங்கிக்கொண்டே வரும். ஸ்கேல் வைத்துச் சமமாகப் பிரித்தால் கணக்குத் தப்பும். "ஏன் கோடு நெருங்குது?" என்று பிள்ளையே கேட்கட்டும், முந்திக்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டாம்.

அடுத்து, குழாயை முழுக்கத் திறந்து வாளி நிரம்பும் நேரத்தைப் பார்க்கலாம். 10 லிட்டருக்கு 75 விநாடி என்றால் நிமிடத்துக்கு 8 லிட்டர். சின்ன ஜாடியில் அளந்தால் சரிவராது. அதே குழாயில் 1 லிட்டர் ஏழரை விநாடியில் நிரம்பிவிடும். கடிகாரத்தை ஒரு விநாடி பிந்தி அழுத்தினாலே பெரிய பிசகு. கிடைத்த எண்ணைச் சீட்டில் எழுதி அந்தந்தக் குழாய்க்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

மே 6, செவ்வாய்

1 லிட்டர் பாட்டிலில் இருப்பதுதான் உலகத்துத் தண்ணீர் மொத்தமும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 மில்லியைத் தனியே எடுத்தால் அது நன்னீர். மீதி 975 மில்லியில் 34 கிராம் உப்பைக் கரைத்தால் ஏறக்குறைய கடல்நீர். நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் போதும். அந்த 25 மில்லியிலும் சுமார் 17 மில்லி பனியாக உறைந்து கிடக்கிறது. ஏழரை மில்லி நிலத்தடியில். ஆறும் ஏரியும் சேர்ந்து ஒன்றிரண்டு சொட்டுதான். மருந்தோடு வரும் சிரிஞ்சு இருந்தால் இதையெல்லாம் பிள்ளைகளே அளந்து எடுப்பார்கள்.

சின்னவர்கள் பயந்துபோய் "அப்போ தண்ணி தீர்ந்துடுமா?" என்பார்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. ஜிப் உறையில் கால் டம்ளர் நீர் ஊற்றி, இறுக மூடி, வெயில் படும் ஜன்னலில் அகலமான டேப்பால் ஒட்டுங்கள். கண்ணாடி ஈரமாக இருந்தால் டேப் நிற்காது. சில மணி நேரத்தில் உறையின் உள்பக்கம் முத்து முத்தாய்ப் பூத்து வழியும். இந்த உறையில் போலவே உலகத்திலும் நீர் ஆவியாகித் திரும்பி வருகிறது, தீர்வதில்லை. சுத்தமான நீர் திரும்பி வரும் வேகத்தைவிட நாம் எடுக்கும் வேகம் கூடும்போதுதான் தட்டுப்பாடு.

மே 8, வியாழன்

இன்று ஒழுகும் குழாய். ஒரு சொட்டு இத்தனை மில்லி என்று பொதுக்கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை. குழாய் வாயைப் பொறுத்துச் சொட்டின் பருமன் மாறும். கீழே டம்ளர் வைத்து 10 நிமிடம் பிடித்து, சிரிஞ்சால் அளந்து 144ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு வந்துவிடும். 30 மில்லி பிடித்தால் நாளுக்கு 4.3 லிட்டர்.

"இறுக்கி மூடு" என்பது பெரியவர்கள் தரும் தப்பான பாடம். திருகுக் குழாயில் ரப்பர் வாஷர் கெட்டியாகிப்போனால் ஒழுகும். அதை மேலும் இறுக்கினால் வாஷர் வெட்டுப்பட்டு ஒழுகல் கூடும். கால் திருப்பிலேயே மூடும் குழாயில் உள்ளே பீங்கான் வட்டுகள் இருக்கும். மணல் சிக்கிக் கீறல் விழுந்தால் அந்த வட்டுகள் அடங்கிய முழு கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். எதைக் கழற்றுவதற்கு முன்பும் குழாய்க்கு நீர் வரும் வால்வை மூடிவிடுங்கள். பிள்ளை கண்டுபிடித்த ஒழுகலை அதே வாரத்தில் சரிசெய்வது முக்கியம். மாதக்கணக்கில் சொட்டவிட்டால், இதெல்லாம் சும்மா விளையாட்டு என்றுதான் அதற்குப் படும்.

மே 9, வெள்ளி

ஃப்ளஷ் டேங்கில் உணவு நிறமி பத்துச் சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடியில் உள்ள ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. சத்தமே இல்லாமல் ஓடும் இந்தக் கசிவு, சொட்டும் குழாயைவிடப் பல மடங்கு குடிக்கும். சோதனை முடிந்ததும் ஃப்ளஷ் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் கறை.

டேங்குக்குள் செங்கல் போடும் யோசனை வேண்டாம். கரைந்து உதிர்ந்து வால்வை அடைக்கும். கூழாங்கல் போட்டு நீர் நிரப்பிய பாட்டிலை மிதவைக்கு இடிக்காமல் வைக்கலாம். ஆனால் ஒரு ஃப்ளஷ் போதாமல் இரண்டாவது தடவை அழுத்த வேண்டிவந்தால், பாட்டிலை எடுத்துவிடுவதுதான் சிக்கனம்.

மே 12, திங்கள்

ஒட்டிய எண்கள் இப்போது கைகொடுக்கும். 8 லிட்டர் குழாயைத் திறந்துவிட்டு 2 நிமிடம் பல் துலக்கினால் 16 லிட்டர். டம்ளரில் பிடித்துக் கொப்பளித்தால் அரை லிட்டர்கூட ஆகாது. இந்தக் கழித்தலை ஏழு வயதுப் பிள்ளையே போட்டுவிடும்.

குழாய் வாயில் மாட்டி, காற்றைக் கலந்து நீர் வரும் வேகத்தைக் குறைக்கும் ஏரேட்டரை எங்கே மாட்டுவது என்பதையும் யோசிக்க வேண்டும். ஓடும் நீரில் கழுவும் சிங்க்கில் பலன் உண்டு. வாளி நிரப்பும் குழாயில் மாட்டினால் ஒரு சொட்டும் மிஞ்சாது, காத்திருக்கும் நேரம்தான் கூடும்.

குடிநீரிலும் கைகழுவுவதிலும் சிக்கனம் சொல்லித்தரவே கூடாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்கும்போது குழாயை மூடினால் போதும்.

மே 15, வியாழன்

காய்கறி கழுவிய நீர் நேரே செடிக்குப் போகலாம். துணி துவைத்த நீரில் சோடியம் இருக்கும். தினமும் ஊற்றினால் மண் இறுகும். அதைக் கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ப்ளீச் கலந்திருந்தால் செடிப் பக்கமே போகக் கூடாது. எந்தக் கழிவு நீரையும் ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாற்றம், கொசு.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் திறந்த வாளியில் சேமிக்கவே வேண்டாம். சில அங்குல நீரும் ஆபத்து.

மே 18, ஞாயிறு

மொத்தச் செலவை மீட்டரில் பார்க்கலாம் என்று தோன்றும். மேல்நிலைத் தொட்டி உள்ள வீட்டில் மீட்டர் காட்டுவது தொட்டி நிரம்பும் அளவை மட்டும். வீட்டுக்குள் நடக்கும் கசிவு அப்போதைக்கப்போது தெரியாது. அங்கே தொட்டி மட்டத்தையே அளக்க வேண்டும். பெரியவர் ஏறி, உலர்ந்த குச்சியை அடிவரை நேராக விட்டு எடுத்துத் தர, ஈரம் எதுவரை என்று பிள்ளைகள் கீழே அளக்கட்டும். 100 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 7.85 லிட்டர். விட்டத்தை உள்பக்கம் அளக்க வேண்டும், அதுவும் நீர்மட்டம் நிற்கும் இடத்தில். மேலே தொட்டி குறுகும் இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது.

இரவு எல்லாரும் படுத்தபின் ஓர் அளவு, காலையில் முதல் குழாய் திறக்கும் முன் ஓர் அளவு. இடையில் மோட்டார் ஓடியிருந்தாலோ யாராவது எழுந்து கழிவறைக்குப் போயிருந்தாலோ அந்த இரவை விட்டுவிட்டு அடுத்த இரவு பாருங்கள். யாரும் தொடாமலே மட்டம் இறங்கியிருந்தால், தொட்டியிலிருந்து வீட்டுக்கு நீர் போகும் வால்வை மூடி மறுபடி ஓர் இரவு பாருங்கள். அப்போது இறங்காவிட்டால் கசிவு வீட்டுக் குழாயிலோ ஃப்ளஷ் டேங்கிலோ. அப்போதும் இறங்கினால் தொட்டியிலோ வால்விலோ.