பிடுங்கிய இடத்தில் பல் கட்டிக்கொண்டேன்

கீழ்வரிசையில் வலதுபக்கக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய பிறகு இடதுபக்கமே மென்று காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். வெளியே தெரியாத பல்தானே என்று வீட்டிலும் விட்டுவிட்டார்கள். பல் மருத்துவர் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. பின்னால் இருந்த பல் காலி இடத்தை நோக்கிச் சாயத் தொடங்கியிருந்தது. எதிரே முட்டுக்குப் பல் இல்லாததால் மேல்பல்லும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இம்ப்ளாண்டா, பிரிட்ஜா என்று முடிவெடுப்பதில்தான் அதிகம் யோசித்தேன். இம்ப்ளாண்ட் என்றால் தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, எலும்பு அதைப் பற்றிக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்துப் பற்களில் கை வைக்க வேண்டாம். பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கத்துப் பற்களுக்கும் உறை மாதிரி கேப் மாட்டி, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்க வைப்பது; அதற்கு அந்த இரண்டையும் சீவியாக வேண்டும். சீவிய எனாமல் மறுபடி வளராது. அந்த இரண்டும் நல்ல பற்களாக இருந்தால் இம்ப்ளாண்டுக்கே போயிருப்பேன். என் விஷயத்தில் காலி இடத்துக்கு முன்னால் இருந்த பல்லுக்கு ஏற்கெனவே ரூட் கெனால் ஆகியிருந்தது, பின்பல்லோ பாதி அடைத்த பல். எப்படியும் இரண்டுக்கும் கேப் போட வேண்டியதுதான். சரி, பிரிட்ஜே போதும் என்று முடிவு செய்தோம். "போனது ஒரு பல், காசு மட்டும் மூணு பல்லுக்கா?" என்று மாமியார் கேட்டார். சீட்டில் 45, 46, 47 என்று மூன்று பல் எண்கள் இருந்தன: நடுவில் பொய்ப்பல், இருபுறமும் அதைத் தாங்கும் கேப்.

சீவுவதற்கு முன்பே நிறம் பார்த்துவிட்டார்கள். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துத் தெரியுமாம். ஜன்னல் வெளிச்சத்தில் மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து ஏ3 என்று குறித்தார்கள். சீவும்போது வலி இல்லை, சத்தம்தான். அப்புறம் ஈறோரத்தில் மெல்லிய நூலைச் செருகி ஈறை ஒதுக்கி, சப்பாத்தி மாவு பதத்தில் இருந்த ஒன்றை வாயில் அழுத்தி அளவெடுத்தார்கள். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் குமட்டல் அடங்குகிறது. லேபிலிருந்து சிர்கோனியா என்ற பீங்கான் வகையில் செய்த பிரிட்ஜ் வரும்வரை தற்காலிக கேப். குளிர்ந்த தண்ணீர் பட்டால் பின்பல் மட்டும் கூசியது. ரூட் கெனால் செய்த பல்லில் கூச இனி நரம்பு இல்லையே.

பொருத்தும் நாளில் அவசரப்படக் கூடாது. நீல நிறத் தாளைக் கடிக்கச் சொல்லி, கறை விழுந்த இடத்தைத் தேய்க்கிறார்கள். படுத்த வாக்கில் சரியாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து கடித்தால் பின்பக்கம் முதலில் இடித்தது. சொன்னேன், மறுபடி தேய்த்தார். தாடையைப் பக்கவாட்டில் அசைத்தும் பார்த்தோம். திருப்தியான பிறகுதான் சிமென்ட் வைத்தார். மயிரிழை உயரம் இருந்தாலும் மெல்லும் பாரம் முழுக்க அந்தப் பல்லில்தான் இறங்கும், அதனால் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிடாதீர்கள்.

பொய்ப்பல் சொத்தையாகாது, ஆனால் அதைத் தாங்கும் பற்கள் சொத்தையாகும். கேப் முடிகிற ஈறோரத்தில்தான் ஆரம்பிக்கும். ஒட்டிய பிரிட்ஜுக்குள் சாதாரணப் பல்நூல் மேலிருந்து இறங்காது. ஒரு முனை விறைப்பாக இருக்கும் நூல் தனியாகக் கிடைக்கிறது; அதைப் பக்கவாட்டில் நுழைத்துப் பொய்ப்பல்லுக்கு அடியில் இழுக்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதைச் செய்தால் கீரைத் துணுக்கு வராத நாளே இல்லை. கிளம்புவதற்கு முன் மருத்துவர் முன்னாலேயே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். சிர்கோனியாவுக்கு லேப் தரும் வாரண்டி அட்டை இருந்தால் அதையும் கேட்டு வாங்கி வையுங்கள்.