பெயர்ச்சீட்டு இல்லாத கள்ளி

நண்பர் ஒருவர் வீடு மாறியபோது விட்டுச்சென்ற தொட்டியில், முள்ளும் பருத்த தண்டுமாக நிற்கும் இந்தச் செடிக்குப் பெயர்ச்சீட்டும் இல்லை, எங்கிருந்து வந்தது என்ற விவரமும் இல்லை. கைப்பேசிச் செயலியோ ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பெயரைச் சொன்னது. பூவில்லாத செடியின் படத்தை வைத்து அதனிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

தமிழில் சதுரக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் முன்னது யூபோர்பியா என்னும் பேரினம். பின்னது அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட கேக்டஸ் குடும்பம். வறண்ட நிலத்தில் நீரைச் சேமித்துப் பிழைக்க வேண்டிய நெருக்கடி, நெருங்கிய உறவில்லாத இவ்விரண்டுக்கும் ஒரே தோற்றத்தைக் கொடுத்திருக்கிறது. ஆகவே தோற்றத்தை விட்டுவிட்டு, முள் புறப்படும் இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். கேக்டஸில் முட்கள் பஞ்சு படர்ந்த சிறு மேட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். இதிலோ இரண்டிரண்டாக, கொம்புபோல் விரிந்து நின்றன. கையுறை அணிந்து ஊசியால் இலேசாகக் குத்தியதும் வெள்ளைப் பால் கசிந்தது. (அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கக்கூடும்.) மமிலேரியா போன்ற சில கேக்டஸ்களிலும் பால் உண்டு என்பதால், பால் மட்டும் சாட்சியாகாது, முள்ளும் சேர்ந்ததால்தான் நம்பினேன்.

யூபோர்பியாவில் ஏறத்தாழ 2,000 இனங்கள் இருக்கின்றன. சையாத்தியம் எனப்படும் கிண்ண வடிவப் பூங்கொத்து அரும்பும்வரை, 'யூபோர்பியா, இனம் தெரியவில்லை' என்று மட்டும் சீட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.