இருபது பெட்டியும் தலைகீழ்

எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம். பெங்களூர் கடை ஒன்று ஐம்பது பெட்டி கேட்டிருந்தது. சரக்கு ஏற்றுவதற்கு முதல் நாள் அங்கிருந்து இங்கிலீஷில் ஒரு மெயில். இருபது பெட்டியை ‘டர்ன் டவுன்’ செய்கிறார்களாம். டர்ன் என்றால் திருப்பு, டவுன் என்றால் கீழே. இதற்கு எதற்கு அகராதி? இருபது பெட்டியைக் கவிழ்த்து அடுக்கி, சிவப்பு மையில் அம்புக்குறியும் போட்டு, ஐம்பதையும் லாரி செட்டில் புக் செய்துவிட்டேன்.

நாலாம் நாள் இருபதும் திரும்பி வந்தன. ‘டர்ன் டவுன்’ என்றால் வேண்டாம் என்று மறுப்பதாம். இரண்டு பக்க வாடகையும் என் தலையில். அப்பா பேசியதை இங்கே எழுத முடியாது.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் லீவுக்கு வந்தவள், ஒரு நோட்டைத் திறந்து என்னை உட்கார வைத்தாள். ‘புட் அவுட்’ என்றால் தீயை அணைப்பது. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது. “இதுல மட்டும் நாமளும் ‘போடு’தான் போடுதோம் மாமா” என்றாள். ‘லுக் ஆஃப்டர்’ பார்த்துக்கொள்வது. அதிலும் நமக்குப் ‘பார்’தான். ஆனால் ‘லுக் ஃபார்’ என்றால் தேடுவதாம். எல்லாம் கைகூடி வரும்போது காலை வாரிவிடுகிற பாஷை.

“எதுக்கும்மா இந்தச் சுத்து? நான் 2009-ல் காலேஜ் பாஸ் அவுட் ஆனவன்” என்றேன் கெத்தாக. அவள் சிரித்த சிரிப்பில் காயப்போட்ட அப்பளம் பறந்திருக்கும். படிப்பை முடித்ததற்கு நம் பக்கம்தான் அப்படிச் சொல்கிறோமாம். வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால், 2009-ல் கல்லூரியில் மயங்கி விழுந்தேன் என்று நினைப்பாராம். ‘பாஸ் அவே’ என்றுவிட்டால் ஆளே போய்ச் சேர்ந்துவிட்டதாக அர்த்தம். நல்லவேளை, அந்த அளவுக்கு நான் போகவில்லை.

“ரெண்டு வார்த்தையும் தெரியும், சேர்த்தா மட்டும் வேற அர்த்தம். என்ன பாஷை இது!” என்று நோட்டை மூடினேன்.

திண்ணையில் உளுந்து மாவு உருட்டிக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்தாள். “ஏல, ‘அவன் என்னையப் போட்டுக் குடுத்துட்டான்’ங்கியே, எதப் போட்டான், எதக் குடுத்தான்? அன்னைக்கு உங்கப்பன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டியே, எந்தக் கடையில வாங்கின, எங்க கட்டுன?”

பேசாமல் நோட்டைத் திரும்பத் திறந்தேன்.

போன வாரம் அதே கடையிலிருந்து மெயில். அப்பளம் ‘ரன் அவுட்’ ஆகிவிட்டதாம், உடனே முப்பது பெட்டி வேண்டுமாம். இந்த முறை சரியாகப் புரிந்தது, சரக்குத் தீர்ந்துவிட்டது. சந்தோஷத்தில் சத்தமாகப் படித்தேன்.

பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பையன் பதறிப்போய்க் கேட்டான்: “யாரு அண்ணாச்சி, நம்ம டீமா?”