ஜாடி என்னுடையது, மூடி அப்பாவுடையது

எங்கள் வீட்டுப் பின்கட்டில் பாதி அப்பாவின் தச்சுப்பட்டறை, மீதி என் மண்சக்கரம். இப்போது பருப்பு ஜாடிகள் செய்கிறோம். மூடி மட்டும் பூவரசு. ஈரக் களிமண் காய்ந்து, சூளையில் வெந்து வருவதற்குள் பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சுருங்கிவிடும். அதனால் ஜாடி சுட்டு ஆறிய பிறகுதான் அப்பா அளவே எடுப்பார். மரத்தின் குணம் வேறு. ஐப்பசி மழையில் அது உப்பும், அதுவும் நார்க்குறுக்கில்தான். நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. சரியாகப் பொருந்துகிறதே என்று விட்டால் அடைமழையில் மூடி இறுகிக்கொள்ளும். ஆகவே சுற்றிலும் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, இடைவெளி விட்டுத்தான் கடைவார்.

தங்கை வார்னிஷ் அடிக்கச் சொல்கிறாள். சமையலறைச் சாமானுக்கு எதற்கு அந்தப் பளபளப்பு? துணியில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்ப்பதோடு சரி.