முட்டுக்காட்டில் தூண்டில்: ஆறு ஞாயிறுகள்

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மீன் பிடிக்க ராடும் ரீலும் வாங்கி ஆறு வாரம் ஆகிறது. பிடித்த மீன்களைவிட அறுந்துபோன தூண்டில் முட்களின் கணக்குதான் இதுவரை பெரிது, அதனால் அதையே எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஞாயிறும் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பாலத்தின் மேல் நின்றேன். ராடைத் தலைக்கு மேல் தூக்கி வீசும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. இரண்டாவது வாரம், நடந்து போன ஒருவரின் சட்டைக் காலரில் என் முள் மாட்டிக்கொண்டது. ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் கழுத்து. நல்ல மனிதர், திட்டிவிட்டு மட்டும் போனார். பாலம் அன்றோடு சரி.

மூன்றாவது வாரம் படகுகள் வராத பக்கமாகப் பார்த்து உப்பங்கழிக் கரையில் இறங்கினேன். அடியில் சேறும் சிப்பியும். எடைக்குக் கட்டிய ஈயம் சிப்பியில் சிக்கினால் தங்கூசியை, அதாவது நைலான் நரம்பை, இழுத்து அறுப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி, பத்து மணிக்குள் ஐந்து முள் போயிற்று. கொஞ்ச தூரத்தில் ஒரு அக்கா கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்து, மீன் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி, வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். கரையேறும்போது என்னிடம் வந்து விரலைக் காட்டினார். பழைய தழும்பு. "தம்பி, நீங்க அறுத்துட்டுப் போற முள்ளு எல்லாம் எங்க கையிலதான் ஏறுது."

பதில் வரவில்லை எனக்கு. தண்ணீருக்குள் போனது தொலைந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் கட்டும் விதத்தை மாற்றினேன். மெயின் லைன் 0.40 மி.மீ., எடையை மட்டும் 0.25 மி.மீ. தங்கூசியில் தனியாகத் தொங்கவிட்டேன். எடை சிக்கினால் மெல்லிய துண்டுதான் அறும், முள் கைக்குத் திரும்பி வந்துவிடும். ஈயத்தையும் விட்டுவிட்டேன், அது விஷம். மெக்கானிக் கடையில் கிடைக்கிற பழைய இரும்பு நட்டுகளே போதும். முள் முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்குமே அந்தச் சின்னக் கொக்கி, அதைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கினேன். குத்தினாலும் சதையைக் கிழிக்காமல் வெளியே வரும். துருப்பிடிக்காத ஸ்டீல் முள் வேண்டாம், சாதா முள்ளே நல்லது, தவறிப் போனாலும் உப்புத் தண்ணீரில் அதைவிடச் சீக்கிரம் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

மீன் தப்பாதா என்று கேட்பீர்கள். தப்பும். இந்த மூன்று வாரத்தில் ஒன்பது கடித்தன, மூன்று கழன்றன, மூன்றுமே நான் லைனைத் தளர விட்ட நேரத்தில். தொய்வு விடாமல் சுற்றினால் பெரிய வித்தியாசம் இல்லை. கிடைத்ததில் கிழங்கான் இரண்டு, மிச்சம் கெளுத்தி. கெளுத்தியைக் கையால் பிடிக்காதீர்கள், முதுகிலும் பக்கவாட்டிலும் இருக்கிற முள்ளில் விஷம் உண்டு. தூண்டில் முள்ளைக் குறடால் கழற்றுங்கள். கெளுத்தியின் முள் எனக்கு ஒருமுறை ஏறியது, வீட்டுக்கு வந்து பொறுக்கிற அளவு வெந்நீரில் கையை வைத்த பிறகுதான் கடுப்பு இறங்கியது.

தூண்டில் முள் கணக்கு: முதல் மூன்று வாரத்தில் பதினொன்று போயிற்று, பிந்தைய மூன்றில் ஒன்று. அந்த ஒன்றையும் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி அரை மணி நேரம் தேடினேன், கிடைக்கவில்லை. விழுந்த இடத்தை அந்த அக்காவிடம் காட்டினேன். சிரித்தார், ஆனால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஐப்பசி மழைக்கு முகத்துவாரத்து மணல் திட்டு உடைந்தால் தண்ணீரின் இழுப்பு அதிகமாகும், இந்த நட்டுகள் நிற்காது. இரண்டிரண்டாகக் கோத்துப் பார்க்க வேண்டும்.