நான்காம் தளத்துச் சிவப்பு மிதியடி

2019 செப்டம்பர் 23 முதல் ஏறத்தாழ பத்து நாட்கள், இரவு ஏழரை மணிக்குப் பிறகு நான் வேறு எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை. அமெரிக்காவின் டாலஸ் நகர நீதிமன்றத்தில் அப்போதுதான் காலை அமர்வு தொடங்கும். ஆம்பர் கைகர் என்ற முன்னாள் காவலர் மீதான கொலை வழக்கு நேரலையாக ஒளிபரப்பானது. நான் அதைப் பார்ப்பேன். மறுநாள் காலையில் பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, யார் என்ன சாட்சியம் சொன்னார்கள் என்று ஒப்பிப்பேன். பெரியப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் காவல் துறையில் பணியாற்றி, உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். குறுக்கு விசாரணைக்குப் பல முறை கூண்டேறியவர் என்பதால், ஒரு சாட்சியத்தில் எந்த இடம் இளகும் என்பதை என்னைவிட விரைவாகக் கண்டுபிடித்துவிடுவார்.

நடந்தது இதுதான். 2018 செப்டம்பர் 6 இரவு, பதிமூன்றரை மணி நேரப் பணியை முடித்துவிட்டுச் சீருடையோடு வீடு திரும்பிய கைகர், தம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் மூன்றாம் தளத்துக்குப் பதிலாக நான்காம் தளத்தில் வண்டியை நிறுத்தினார். அவருடைய வீட்டு எண் 1378. அதற்கு நேர் மேலே இருந்தது 1478. அந்த வீட்டின் கதவு சரியாகப் பூட்டிக்கொள்ளாமல் இருந்தது. உள்ளே, செயின்ட் லூசியா தீவிலிருந்து வந்து கணக்காளராகப் பணியாற்றிக்கொண்டிருந்த, இருபத்தாறு வயதான போத்தம் ஜான் சோபாவில் அமர்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைகர் கதவைத் தள்ளினார், இருட்டில் ஓர் உருவத்தைக் கண்டார், இருமுறை சுட்டார். ஒரு குண்டு ஜானின் மார்பில் பாய்ந்தது.

‘தவறிப்போய் நுழைந்துவிட்டாள், பயத்தில் சுட்டுவிட்டாள், இதை எப்படிக் கொலை என்பது?’ என்பதே பெரியப்பாவின் முதல் நாள் நிலைப்பாடு. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கைகரை முதலில் கைது செய்தபோது பதிவான குற்றச்சாட்டும் கொலை அன்று. அதைவிடக் குறைந்த, பொறுப்பற்ற செயலால் மரணம் விளைவித்த குற்றமே பதிவாகியிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில், எந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடரலாம் என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான பெரும் ஜூரிதான் அதைக் கொலைக் குற்றச்சாட்டாக உயர்த்தியது.

தொடக்கத்தில் அரசுத் தரப்பு மிகுந்த நேரம் செலவிட்டது, அவர் தவறிய விதத்தைக் காட்டுவதில். ஜானின் வாசலில் பளிச்சென்ற சிவப்பு நிறத்தில் ஒரு மிதியடி கிடந்தது. கைகரின் வாசலில் மிதியடியே இல்லை. வாசலருகே வீட்டு எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. வீடு திரும்பும் வழியில் அவர் சக காவலர் ஒருவருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டு வந்தது பதிவுகளிலிருந்து தெரிந்தது. அந்தச் சிவப்பு மிதியடியின் படத்தைத் திரையில் பார்த்தபோது, வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எதிர்த்தரப்பு எழுந்து, அதே குடியிருப்பில் வேறு பலரும் தளம் மாறிப் போய் அடுத்தவர் கதவில் சாவியை நுழைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டியது. எல்லாத் தளங்களும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருக்கும் கட்டடம் அது. மிதியடியைக் கவனிக்காமல் கடந்து போவது மனிதர்கள் செய்யக்கூடியதுதான் என்று நானும் இறங்கி வந்தேன். வழக்கின் முடிச்சு வாசலில் இல்லை என்பது மேலும் சில நாட்கள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

செப்டம்பர் 27-ஆம் தேதி கைகரே கூண்டேறினார். அவர் அழுதார், அந்த அழுகை நடிப்பு என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. வீட்டுக்குள் யாரோ இருக்கிறார் என்றும் அவர் தம்மைக் கொன்றுவிடுவார் என்றும் அஞ்சியதாகச் சொன்னார். கைகளைக் காட்டும்படி கத்தியதாகவும், அந்த உருவம் தம்மை நோக்கி வந்ததாகவும் சொன்னார். அப்படி ஒரு கட்டளை காதில் விழவில்லை என்று அக்கம்பக்கத்தார் முன்பே சாட்சியம் அளித்திருந்தார்கள். குண்டு உடலுக்குள் மேலிருந்து கீழாக இறங்கியிருந்ததால், ஜான் அப்போதுதான் இருக்கையிலிருந்து எழுந்துகொண்டிருந்தார் அல்லது குனிந்திருந்தார் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. பிறகு அரசு வழக்கறிஞர் ஜேசன் ஹெர்மஸ், குரலை உயர்த்தாமல், சுட்டபோது கொல்லும் எண்ணத்தோடுதான் சுட்டீர்களா என்று கேட்டார். கைகர் ஆம் என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், அவருடைய வழக்கறிஞர்களே ஏன் இதற்கு இடம் கொடுத்தார்கள் என்று நான் திகைத்தேன். மறுநாள் பெரியப்பாதான் விளக்கினார். தற்காப்பு என்று வாதாடுகிறவர் வேறு எதையும் சொல்ல முடியாது. ‘கை தவறி வெடித்துவிட்டது’ என்பது விபத்து. ‘சுட்டேன், சுட வேண்டியிருந்தது’ என்பது தற்காப்பு. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. தற்காப்பைக் கோருகிறவர் செயலையும் அதன் நோக்கத்தையும் முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, அதன் பிறகே அதற்கான நியாயத்தைக் காட்டுகிறார். காட்டிய நியாயம் நிற்காவிட்டால் ஒப்புதல் மட்டும் மேசையில் மிஞ்சும். நம் ஊடகங்களில் தற்காப்பு வாதத்தை ஏதோ தப்பிக்கும் சந்து போல எழுதுகிறார்கள். உண்மையில் அது, ஆற்றைக் கடந்தபின் பாலத்தைத் தாமே உடைத்துவிட்டு நிற்பது.

செப்டம்பர் 30-ஆம் தேதி நீதிபதி டாமி கெம்ப், தம் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவரிடமிருந்து காத்துக்கொள்ள உயிர்பறிக்கும் பலத்தையும் பயன்படுத்தலாம் என்ற டெக்சஸ் சட்டக் கோட்பாட்டையும், தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி கருத்தில் கொள்ளலாம் என்று அனுமதித்தார். அன்று இணையத்தில் எழுந்த கோபம் பெரிது. அத்துமீறி நுழைந்தவரே கைகர்தானே, வீடு ஜானுடையது அல்லவா, வீட்டுக்காரருக்கான பாதுகாப்பை எப்படி இவருக்கு வழங்குவது என்று பலர் கேட்டார்கள், நானும் கேட்டேன். இப்போது யோசித்தால், நீதிபதி செய்தது சரியென்றே படுகிறது. அந்த வாதத்தை ஜூரியின் கண்ணில் படாமல் மறைத்திருந்தால் மேல்முறையீட்டில் அதுவே முதல் ஆயுதமாகியிருக்கும். ஜூரியிடம் கொடுத்ததால், அவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். அதே நீதிபதிதான், கைகர் நடந்துகொண்டது நியாயமானதே என்ற டேவிட் ஆம்ஸ்ட்ராங் என்ற புலனாய்வு அதிகாரியின் கருத்தை ஜூரி கேட்க அனுமதிக்கவில்லை. எது நியாயம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் ஜூரிகளாக இருக்க, அதை ஒரு போலீஸ்காரர் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது என்பது எனக்கும் ஏற்புடையது. பெரியப்பாவுக்கு அதில் வருத்தம் உண்டு.

அவருடைய நிலைப்பாடு அசைந்தது வேறொரு இடத்தில். கைகரிடம் காவலர்கள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ் கருவி இருந்தது. காவல் தலைமையகம் அங்கிருந்து சில தெருக்கள் தள்ளித்தான் இருந்தது. அவர் இன்னும் வாசலைத் தாண்டி முழுதாக உள்ளே போயிருக்கவில்லை. திருடன் உள்ளே இருக்கிறான் என்று சந்தேகித்தால் பின்வாங்கி, மறைவில் நின்று, துணைக்கு ஆள் அழைப்பதுதான் பயிற்சி என்று அரசுத் தரப்பு சொன்னதை நான் ஒப்பித்தபோது, மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு பெரியப்பா, ‘அம்மா, தனியாக உள்ளே போகாதே என்றுதான் எங்களுக்கும் முதலில் சொல்லித் தருவார்கள், கதவு நமக்குப் பின்னால் திறந்திருக்கும்வரை சுட வேண்டிய அவசரமே கிடையாது’ என்றார். சுட்ட பிறகு நடந்தது அவரை இன்னும் சங்கடப்படுத்தியது. அவசர உதவி எண்ணை அழைத்த கைகர், இது தம் வீடு என்று நினைத்துவிட்டதாக மீண்டும் மீண்டும் சொல்கிறார். தம் வேலை போய்விடும் என்றும் சொல்கிறார். இடையில் சக காவலருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார். முதுகுப் பையில் முதலுதவிப் பொருட்கள் இருந்தும் அவற்றை எடுக்கவில்லை. சுட்டபின் நடந்ததை வைத்துச் சுட்ட கணத்து மனத்தை அளக்கக் கூடாது என்று நான்தான் அப்போது கைகருக்காக வாதாடினேன். இருவரும் பக்கம் மாறியிருந்தோம்.

‘தற்காப்புக்காகச் சுட்டோம்’ என்ற சொற்றொடர் நமக்குப் புதிதன்று. 1997 மார்ச் 31 அன்று டெல்லி கன்னாட் பிளேஸ் பகுதியில், தேடப்பட்ட ஒரு குற்றவாளி என்று கருதி ஒரு காரை மறித்துக் காவலர்கள் சுட்டதில் இரண்டு தொழிலதிபர்கள் இறந்தார்கள். காரிலிருந்து முதலில் சுட்டார்கள் என்று காட்ட அதில் துப்பாக்கி ஒன்று வைக்கப்பட்டது அம்பலமாகி, உதவி ஆணையர் உட்படப் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த வழக்கில் பயமே பொய். பொய்யைத் தள்ளுவது எளிது. கைகர் வழக்கு எனக்குக் கனமாக இருந்ததன் காரணம், அங்கே பயம் உண்மையாக இருந்திருக்கலாம் என்பதே.

பயமும் உண்மை, தவறும் உண்மை என்றால் என்ன செய்வது? என்னை இதில் அதிகம் குழப்பியது ஒரிசா உயர் நீதிமன்றத்தின் ஒரு பழைய வழக்கு. ராம் பகதூர் தாப்பா என்ற நேபாளி வேலையாள், கைவிடப்பட்ட விமான நிலையத்தின் பழைய விமானக் கழிவுச் சாமான்களை வாங்க வந்த தம் முதலாளியோடு ஒரிசாவின் பாலசோர் மாவட்டத்துக்கு வந்திருந்தார். அந்த இடத்தில் பேய் நடமாடுகிறது என்று உள்ளூரில் பேச்சு. இரவில் தொலைவில் ஒரு விளக்கொளி அசைவதையும் அதைச் சுற்றி உருவங்கள் ஆடுவதையும் கண்டவர், குக்ரிக் கத்தியோடு பாய்ந்து வெட்டினார். அவை பேய்கள் அல்ல. அரிக்கேன் விளக்கோடு இலுப்பைப் பூப் பொறுக்க வந்த பழங்குடிப் பெண்கள். ஒருவர் இறந்தார், வேறு சிலர் காயமடைந்தார்கள். இன்னும் சற்றுக் கவனமாக இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்று அரசு வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவின்படி, உண்மை நிலையைப் பற்றிய பிழையான நம்பிக்கையில் நல்லெண்ணத்தோடு செயல்பட்டார் என்று கூறித் தாப்பாவின் விடுதலையை உறுதி செய்தது.

அவருக்குக் கிடைத்தது கைகருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? இந்தக் கேள்வியோடு பெரியப்பாவிடம் போனபோது அவருக்கும் சட்டென்று விடை வரவில்லை. விடை, 2021 ஆகஸ்டில் வந்த டெக்சஸ் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் கிடைத்தது. கைகரின் வழக்கறிஞர்கள், இது தம் வீடு என்ற பிழையான நம்பிக்கையே அவரைக் காக்க வேண்டும், இல்லையேல் கவனக்குறைவால் விளைந்த மரணம் என்று குற்றத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்டார்கள். மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக மறுத்தார்கள். டெக்சஸ் சட்டத்தில் ஒரு பிழை பாதுகாப்பாக அமைய வேண்டுமானால், அந்தக் குற்றத்துக்குத் தேவையான மனநிலையை அது இல்லாமல் செய்ய வேண்டும். கைகர் தவறாக எண்ணியது வீட்டைப் பற்றி. சுட்டதோ மனிதர் ஒருவரைக் கொல்லும் நோக்கத்தோடு என்பதை அவரே கூண்டில் ஒப்புக்கொண்டிருந்தார். வீடு யாருடையதாக இருந்தாலும் அந்த நோக்கம் அப்படியே இருந்தது. தாப்பாவின் பிழை வேறு வகை. தாம் வெட்டுவது மனிதர்களை என்றே அவருக்குத் தெரியாது. பிழையை நீக்கிவிட்டுப் பார்த்தால் அவர் கத்தியைத் தூக்கியிருக்கவே மாட்டார் என்பது இருவருக்கும் பொதுவானதுதான். ஆனால் பிழையை உள்ளே வைத்துப் பார்த்தாலும், தாப்பாவின் மனத்தில் மனிதக் கொலை இல்லை, கைகரின் மனத்தில் இருந்தது. அப்படியானால் கொல்வது உடனடியாகத் தேவைப்பட்டதா என்ற கேள்வி மட்டுமே மிச்சம். அதற்கு, கதவுக்குப் பின்னால் திறந்து கிடந்த நடைபாதையே பதில்.

2019 அக்டோபர் 1-ஆம் தேதி ஜூரி கொலைக் குற்றத்தை உறுதி செய்தது. மறுநாள் பத்து ஆண்டுச் சிறை. சட்டம் அனுமதித்தது ஐந்து முதல் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் வரை, அல்லது ஆயுள். உயிரோடு இருந்திருந்தால் ஜானுக்கு இருபத்தெட்டு வயதாகியிருக்கும் என்பதால், இருபத்தெட்டு ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது என்று அரசுத் தரப்பு கேட்டிருந்தது. திடீர் உணர்ச்சி வேகத்தில் செய்தார் என்று கருதிக் குற்றத்தின் படியைக் குறைக்கவும் ஜூரிக்கு வழி இருந்தது. அதையும் அவர்கள் ஏற்கவில்லை. ஆனாலும் பத்தில் நின்றார்கள். ஜானின் தம்பி நீதிமன்றத்திலேயே கைகரைக் கட்டி அணைத்ததும், நீதிபதி தம் விவிலியத்தைக் கொடுத்ததும் உலகம் முழுவதும் பேசப்பட்டன. அந்த அணைப்பைப் பற்றி வெளியாள் நான் எழுத என்ன இருக்கிறது?

2024 அக்டோபரில் கைகருக்குப் பரோல் மறுக்கப்பட்ட செய்தியைச் சொல்லப் பெரியப்பாவை அழைத்தேன். ஐந்து ஆண்டுகளாகியும் அவருக்குக் ‘கொலை’ என்ற சொல் தொண்டையில் இறங்கவில்லை. கெடுநோக்கு இல்லாத இடத்தில் அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்றார். எனக்கு அந்தப் பெயரில் ஐயமே இல்லை. ஆனால் பத்து ஆண்டுகள் போதுமா, அதிகமா, குறைவா என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை என்று சொன்னேன். ‘எனக்கும்தான்’ என்றார்.